முரட்டுத் துரைக்கு நான் கற்றுக்கொடுத்த இங்கிலீஷ்

அந்த நாற்காலி வேண்டாம் அய்யா, அதற்கு ஒரு கால் ஆட்டம். ஜன்னலோரம் இருப்பதில் உட்காருங்கள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறி வருகிறவர்கள் முதலில் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். மூச்சு வாங்குவது நின்ற பிறகுதான் எதிரே இருப்பவன் சொல்வது மனசில் ஏறும்.

மர்டாக் துரை விஷயமாக வந்திருக்கிறீர்கள். அவரைக் காணவில்லை என்று பட்டணத்தில் துரைசாணி பிராது கொடுத்திருப்பது எனக்குத் தெரியும். இந்தப் பங்குனி வெயிலில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் மலையேறி வர வேறு காரணம் ஏது? நான் எதையும் மறைக்கப் போவதில்லை. மறைக்கிற சுபாவம் எனக்குக் கிடையாது. யாராவது கேட்டிருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் நடுவிலிருந்து சொன்னால் இது வேறு மாதிரி தோன்றும். முதலிலிருந்து கேட்டால் நியாயம் விளங்கும். எழுதிக்கொள்ளுங்கள், மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் செங்கோட்டையன். இந்த மலையின் அடிவாரத்தில் எங்களுக்குச் சொந்தக் காடு உண்டு. சோளமும் கடலையும் போடுவோம். நான் ஏர் பிடிக்காமல் ஆபீசில் உட்கார வேண்டும் என்பது என் அப்பாவின் ஆசை. அதற்கு இங்கிலீஷ் வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர் கந்தப்ப வாத்தியார். இலக்கணத்தில் புலி. ஆனால் ஒரு வெள்ளைக்காரன் வாயைத் திறந்து பேசி அவர் தம் ஆயுசில் கேட்டதில்லை. அதை அவர் ஒரு குறையாகவும் நினைத்ததில்லை.

"சும்மா அச்சடிக்க மாட்டாங்க கண்ணு," என்பார். "மை செலவு, ஈயம் செலவு. ஒரு எழுத்தப் போட்டிருக்கான்னா அது படிக்கறதுக்குத்தான். ஒண்ணையும் முழுங்கக் கூடாது."

நாங்கள் ஒன்றையும் விழுங்கவில்லை. கத்தியை 'க்நைஃப்' என்றோம். நடப்பதை 'வால்க்' என்றோம். தீவு எங்களுக்கு 'ஐஸ்லாண்டு'. புதன்கிழமை 'வெட்நெஸ்டே'. பட்டாளத்துக் கர்னல் 'கோலோநெல்'. பரீட்சையில் எழுதத்தான் சொன்னார்கள், பேசச் சொல்லவில்லை. ஆகையால் நான் முதல் வகுப்பில் தேறினேன்.

பிறகு சேலத்தில் ஒரு குமாஸ்தா வேலைக்குப் போனேன். சீமைக்குப் போய்த் திரும்பிய நம்மூர்க்காரர் ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு புத்தகத்தைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். என் துரதிர்ஷ்டத்தைப் பாருங்கள், ஒரு கர்னல் புதன்கிழமையன்று கையில் கத்தியோடு ஒரு தீவில் நடந்து போன கதை அது. நான் கணீரென்று படித்தேன். முதல் வாக்கியம் முடிவதற்குள் அவர் கைக்குட்டையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். கதவோரம் நின்ற டவாலிச் சேவகன்கூடச் சிரித்தான். அவனுக்கு இங்கிலீஷே தெரியாது.

எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குக் கோபம் வருவதே இல்லை. அதற்கப்புறம் வேறு சில ஆபீசுகளுக்கும் போய்ப் பார்த்தேன். எல்லா இடத்திலும் எழுத்தைப் பார்த்து உள்ளே கூப்பிட்டார்கள், பேச்சைக் கேட்டு வெளியே அனுப்பினார்கள். கடைசியில் கொல்லிமலையில் ஒரு காப்பித் தோட்டத்துக்குக் கணக்கும் கடிதமும் எழுத ரைட்டர் வேண்டும் என்று தெரியவந்தது. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து யாரும் ஏறவில்லை. நான் ஏறினேன்.

துரையின் பெயர் மர்டாக். அந்தப் பெயர் அடிவாரத்தைத் தாண்டுவதற்குள் முரட்டுத் துரை ஆகிவிட்டிருந்தது. ஆளோ பரம சாது. அட்டை கடித்தால்கூட அதை நசுக்காமல் எடுத்துப் புல்லில் விடுவார். அவர் இங்கிலாந்துக்காரர் இல்லை, அதற்கும் வடக்கே ஸ்காட்லாந்து. அவர் வாயில் 'ர' வந்தால் கல்பாதையில் மாட்டுவண்டி போகிற மாதிரி உருளும். முதல் நாள் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். என் அதிர்ஷ்டம், அதிலும் புதன்கிழமை இருந்தது. 'வெட்நெஸ்டே' என்றேன். சொல்லிவிட்டு அவர் கைக்குட்டையைத் தேடுகிறாரா என்று பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "எங்கள் ஊர்ப் பாதிரியாரும் அப்படித்தான் சொல்வார்," என்றார். "கத்தியை எப்படிச் சொல்வாய்?"

"க்நைஃப்."

"வடக்கே கிழவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார்.

அந்த வருஷங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. நன்றாக இருந்தேன். அவர் பேசுவது எனக்குப் புரியும், நான் பேசுவது அவருக்குப் புரியும். செம்மேட்டுச் சந்தைக்குப் போனால் 'இங்கிலீசு ரைட்டர் வாராரு' என்று வழி விடுவார்கள். துரை என் பெயரை 'செங்கோட்டையன்' என்று முழுசாகச் சொல்வார். அதற்காக ஒரு வாரம் பழகினார் என்று சமையல்காரி மாராயி சொன்னாள். வேறு எந்த வெள்ளைக்காரரும் 'சாங்கோ'வுக்கு மேல் போனதில்லை.

ஒரு சித்திரை மாதம் பட்டணத்திலிருந்து கம்பெனியின் பெரிய துரை டோலியில் வந்து இறங்கினார். அசல் லண்டன்காரர். சாப்பாட்டு மேஜையில் மர்டாக் துரை மிளகுக்கொடி அழுகல் நோயைப் பற்றி விவரமாகச் சொன்னார். பெரிய துரை காதில் கையை வைத்து 'என்ன, என்ன' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "இவர் என்னதான் சொல்கிறார்?" என்றார். நான் சொன்னேன். அவர் மறுமொழி சொன்னார். அதையும் நான் மர்டாக் துரையிடம் சொன்னேன். இங்கிலீஷிலிருந்து இங்கிலீஷுக்கு மொழிபெயர்த்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

பெரிய துரை கரண்டியைக் கீழே வைத்தார். "மர்டாக், உன்னைவிட உன் குமாஸ்தா பேசுவது தேவலை," என்றார்.

துரையின் முகம் மட்டும் இல்லை, கழுத்தும் சிவந்துவிட்டது. அதன் பிறகுதான் பெரிய துரை விஷயத்துக்கு வந்தார். பட்டணத்துத் தலைமை ஆபீசில் ஒரு பெரிய உத்தியோகம் காலியாகப் போகிறது. வயதுப்படி அது மர்டாக்குக்குச் சேர வேண்டியது. வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அங்கே பேசுகிறவன் பேச்சு நாலு பேருக்குப் புரிய வேண்டும். சரியான உச்சரிப்பைச் சொல்லிக்கொடுக்கிற கிராமபோன் பிளேட்டுகள் இப்போது வந்திருக்கின்றன, அனுப்பி வைக்கிறேன், மழை முடிந்ததும் டைரக்டர்கள் முன்னால் வந்து பேசிக் காட்டு என்றார்.

அன்று சாயங்காலம் துரை என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். துரைசாணி இந்த மலையின் காய்ச்சலுக்குப் பயந்து மகளைத் தூக்கிக்கொண்டு ஸ்காட்லாந்து போனவர். கடற்காற்று அடிக்கிற ஊரில் ஒரு வீடு கிடைத்தால் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"பட்டணம் கிடைத்தால் அவள் வந்துவிடுவாள், செங்கோட்டையன். நீயும் என்னோடு வந்துவிடு," என்றார்.

சந்தோஷம் என்று சொன்னேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில்தான் யோசித்தேன். பட்டணத்து ஆபீசில் ஒரு கூடம் நிறையக் குமாஸ்தாக்கள் இருப்பார்கள். அத்தனை பேரிடமும் கைக்குட்டை இருக்கும். இங்கேயே இருந்துவிடலாம் என்றால், இவர் இடத்துக்கு ஒரு லண்டன்காரன் வருவான். புதன்கிழமை வாராவாரம் வருகிறது.

கிராமபோன் பெட்டி ஆனியில் வந்து சேர்ந்தது. பாட்டு கேட்கலாம் என்று மலையின் மறுகோடியில் இருக்கும் ஆலத்தூர் நாட்டிலிருந்துகூட ஆட்கள் வந்து முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். துரை சாவி கொடுத்து முள்ளை வைத்தார். ஒரு ஆண்குரல், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பேசுகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல ஆரம்பித்தது. எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். முதல் பிளேட்டு முடிந்ததும் மேஸ்திரி கருப்பண்ணன் என் பக்கத்தில் வந்தான். அவன் இதே மலையில் குண்டூர் நாட்டுக்காரன், சந்தேகம் வந்தால் விடமாட்டான்.

"ஏனுங்க ரைட்டரே, பாட்டு எப்பங்க வரும்?"

"பாட்டெல்லாம் வராது. இது தொரைக்கு இங்கிலீசு சொல்லிக் குடுக்கற பிளேட்டு."

"தொரைக்கேங்களா?"

"ஆமா."

அவன் கொஞ்ச நேரம் துரையையே பார்த்தான். "அப்ப இத்தன நாளு அவரு பேசிக்கிட்டு இருந்தது என்னதுங்க?"

மழை பிடித்தது. மழையோடு வழக்கம் போலத் துரைக்குக் காய்ச்சலும் வந்தது. கொயினா மாத்திரை சாப்பிட்டார். அந்த மாத்திரையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். காய்ச்சலை இறக்கும், காதை அடைக்கும். காதுக்குள் குளவிக்கூடு இரைகிறது என்று துரை சொன்னார். பிளேட்டு என்ன சொல்கிறது என்று அவருக்குக் கேட்கவில்லை. ஆகையால் என்னைக் கூப்பிட்டார். நான் பெட்டியின் அருகில் உட்கார்ந்து கேட்க வேண்டியது, கேட்டதை அவர் காதருகே வாய் வைத்து உரக்கச் சொல்ல வேண்டியது. அவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பழகுவார். இது அவருடைய யோசனை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நானாக ஒன்றும் போய் நிற்கவில்லை.

முதல் நாள் கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன்.  பெரிய துரை பேசியபோது அவசரத்தில் விழுங்குகிறார் என்று நினைத்திருந்தேன். அந்தப் பிளேட்டுக்காரன் நிறுத்தி நிதானமாகவே எழுத்துகளை விழுங்கினான். கத்தியில் 'க்' இல்லை. நடப்பதில் 'ல்' இல்லை. தீவில் 'ஸ்' இல்லை. 'வாட்டர்' என்று எழுதியிருப்பதை 'வாட்ட' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் போகிறான். புதன்கிழமையைப் பாதியாகத்தான் சொன்னான். கர்னலை அவன் சொன்ன விதத்தை என் வாயால் சொல்ல மாட்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சேலத்தில் சிரித்தவர்கள் சரி, கந்தப்ப வாத்தியார் தப்பு என்று ஆகிறது. ஒரு நல்ல மனிதரை நம்பி ஊரில் பாதிப் பேர் தப்பாகப் பேசியிருக்கிறோம். இதைச் சரிசெய்ய வழி இரண்டுதான். நாங்கள் எல்லோரும் எங்கள் நாக்கைத் திருத்திக்கொள்வது ஒரு வழி. ஒரு வெள்ளைக்காரரை எங்களைப் போலப் பேச வைப்பது இன்னொரு வழி. எது சுலபம் என்று யோசித்தேன். நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

மறுநாளிலிருந்து கந்தப்ப வாத்தியார் முறைப்படி சொல்லிக்கொடுத்தேன்.

துரைக்கு ஒரே ஒரு தடவை சந்தேகம் வந்தது. "பிளேட்டில் 'க்' நிச்சயமாகக் கேட்கிறதா?" என்றார்.

"தெளிவாகக் கேட்கிறது, சார்."

"லண்டன்காரன் 'க்நைஃப்' என்றா சொல்கிறான்?"

"அழுத்தியே சொல்கிறான், சார்."

அவருக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது. அப்படியானால் எங்கள் கிழவர்கள் சொன்னதுதான் சரி, லண்டன் கடைசியில் வழிக்கு வந்துவிட்டது என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருந்தால் என்மேல் குற்றம் சொல்ல உங்களுக்கு மனசு வராது.

எனக்கு வாய்த்த ஒரே மாணவர் அவர். அவ்வளவு சிரத்தையானவரை நான் கண்டதில்லை. விடிந்ததும் காப்பிச் செடிகளுக்கு நடுவே நடந்துகொண்டே பாடம் சொல்வார். காது அடைத்திருந்ததால் குரல் பெரிதாகிவிட்டது. 'வால்க்! டால்க்! ஹால்ஃப்!' என்று ஒரு மேட்டிலிருந்து கேட்கும். கொஞ்ச நேரத்தில் அடுத்த மேட்டிலிருந்து 'ஐஸ்லாண்டு!' என்று கேட்கும். பழம் பறிக்கிற பெண்கள் அவர் பின்னாலேயே அதைச் சொல்லிச் சொல்லிக் கூடையை நிரப்பினார்கள். செம்மேட்டுச் சந்தையில் கொல்லன் கவாத்துக் கத்தியை எடுத்து நீட்டி, "க்நைஃப் வேணுங்களா" என்று கேட்கிற அளவுக்குப் போனது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு வாத்தியாருக்கு அதுகூட இருக்கக் கூடாதா?

புரட்டாசிக் கடைசியில் ஒரு சங்கடம் வந்தது. காய்ச்சல் விட்டது, துரை மாத்திரையைக் குறைத்தார். ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டு, "செங்கோட்டையன், மரத்தில் ஏதோ குருவி கூவுகிறது," என்றார். காது கொஞ்சம் திறந்திருக்கிறது. இனிமேல் பிளேட்டைத் தானே கேட்டுப் பார்க்கலாம் என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன். அன்று நல்ல வெயில். பிளேட்டுகளில் பூஞ்சை பிடித்திருந்தது போல் எனக்குப் பட்டது. எல்லாவற்றையும் எடுத்துத் தகரக் கூரைமேல் காயப் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் ஒவ்வொன்றும் கிண்ணம் மாதிரி வளைந்திருந்தது. மாராயி அவற்றில் நல்லதாகப் பார்த்து ஒன்றை எடுத்து உப்பு வைத்துக்கொண்டாள்.

பிளேட்டு போனது. ஆனால் காது திறந்தால் வேறு யாராவது பேசுவதும் கேட்கும் அல்லவா? பட்டணத்தில் எல்லோருமே பேசுவார்கள். பாடம் அரைகுறையாக இருக்கும்போது வெளிப்பேச்சு காதில் விழுந்தால் மாணவனுக்குக் குழப்பம் வரும். அதனால்தான் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினேன். துரைக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது எப்போதும் என் வேலை. அவர் நான் கொடுப்பதை எண்ணிப் பார்க்கிறவர் இல்லை. காப்பியில் கரைத்தால் கசப்பு தெரியும் என்று வாழைப்பழத்திலும் தேனிலும் வைத்துக் கொடுத்தேன். காதோடு கண்ணும் சற்று மங்கியது. கையும் நடுங்க ஆரம்பித்தது. அது நான் எதிர்பார்த்தது இல்லை. ஆனால் பார்த்துக்கொள்ள நான் பக்கத்திலேயே இருந்தேன்.

மாராயிதான் ஒரு நாள் கேட்டாள்.

"ஏனுங்க, தொரைக்குத்தான் காச்சல் உட்டுப் போச்சுங்களே. இன்னும் எதுக்குங்க இத்தன மாத்திரை? அந்த மனுசன் தூணுல முட்டிக்கிட்டு நிக்கறாருங்க."

"டப்பாவுல எழுதியிருக்குது மாராயி."

"என்னன்னுங்க எழுதியிருக்குது?"

டப்பாவை எடுத்துப் படித்துக் காட்டினேன். அதில் மருந்து செய்த கம்பெனியின் பெயரும் ஊரின் பெயரும்தான் இருந்தன. ஓர் எழுத்தையும் விடாமல், நிறுத்தி, கம்பீரமாகப் படித்தேன்.

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "இங்கிலீசுல போட்டிருக்குதுன்னா செரிங்க," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். சேலத்தில் யாரும் என் இங்கிலீஷை இப்படி மதித்ததில்லை.

மார்கழியில் துரையைப் பட்டணத்துக்கு நானே அழைத்துப் போனேன். அவருடைய மூக்குக்கண்ணாடியை மலையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். மறதி எனக்கு எப்போதாவது வரும். டைரக்டர்கள் நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். துரையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் கதவோரம் நின்றுகொண்டேன்.

பெரிய துரை ஏதோ கேட்டார். துரைக்குக் கேட்கவில்லை. ஆனால் எழுந்து நின்று, மாதக்கணக்காகப் பழகியதை ஆரம்பித்தார். போன வெட்நெஸ்டே தோட்டத்தில் வால்க் போனதையும், க்நைஃபால் மிளகுக்கொடியைக் கவாத்து செய்ததையும், பாதிக் கொடியைக் காப்பாற்றியதையும் சொன்னார். ஒரு பிசிறு இல்லை. கந்தப்ப வாத்தியாரே வந்து பேசியது போல் இருந்தது. முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை. சேலத்தில் அவர்கள் சிரிப்பதை நிறுத்தவே இல்லை. இங்கே நிறுத்திவிட்டார்கள். அதை நான் கவனித்தேன். நான் அப்படிப் பேசினால் படிப்பு போதாது என்கிறார்கள், ஒரு வெள்ளைக்காரர் அப்படிப் பேசினால் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். பெரிய துரை மெதுவாக எழுந்து ஜன்னல்களைச் சாத்தினார். மலைக்காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

துரைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, "சரியாகச் சொன்னேனா?" என்றார்.

"ஓர் எழுத்துகூட வீணாகவில்லை, சார்," என்று அவர் காதில் சொன்னேன். அது உண்மை.

அங்கேயிருந்து அவரை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தனி அறை, ஜன்னலுக்குக் கம்பி. கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். நான் இருந்தேன். மலையில் தோட்டத்தைக் கருப்பண்ணன் கவனித்துக்கொண்டான். டாக்டர் கொயினாவை அடியோடு நிறுத்தச் சொன்னார். படித்த மனிதர், மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன். ஆனால் கொல்லிமலைக் காய்ச்சலைப் பற்றிப் பட்டணத்து டாக்டருக்கு என்ன தெரியும்? மலையிலிருந்து வரவழைத்த வாழைப்பழத்துக்குள் வைத்து, வழக்கம் போலக் கொடுத்துவந்தேன்.

மாசியில் துரைசாணி கப்பலில் வந்து இறங்கினார். கம்பெனி தந்தி கொடுத்திருக்கிறது. நல்ல அம்மாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் என் புருஷனைப் பார்த்துக்கொண்டாயே என்று அழுதார். துரை அவரைக் கண்டதும் எழுந்து, எழுத்து எழுத்தாக அழுத்தி ஏதோ சொன்னார். துரைசாணி திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். கட்டின புருஷன் பேசுவது அவருக்குப் புரியவில்லை. அவர் பேசுவது துரைக்குக் கேட்கவில்லை. அந்த அம்மாளுக்கு மெல்லிய குரல், காதருகே போய்க் கத்தியும் பயனில்லை. தாளில் எழுதிக் காட்டினார். கண்ணாடி இல்லாமல் துரைக்கு அது தெரியவில்லை. என் குரல் ஒன்றுதான் அவருக்குப் பழகியிருந்தது. ஆகையால் நான் நடுவில் உட்கார்ந்தேன்.

துரை சொன்னது இது: "வந்துவிட்டாயா? வேலை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். இனி கடற்காற்றுதான்." அதை அப்படியே துரைசாணியிடம் சொன்னேன்.

துரைசாணி சொன்னது இது: "வேலை வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நாளைக்குக் கப்பலுக்குச் சீட்டு வாங்கிவிடுகிறேன். உங்களை வீட்டுக்கு அழைத்துப் போகத்தான் வந்தேன். மகள் காத்திருக்கிறாள்."

துரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதருகே குனிந்தேன். "அம்மாள் ஊருக்குத் திரும்பிப் போகிறாராம், சார். உங்களுக்கு மலைதான் ஒத்துக்கொள்ளும், அங்கேயே இருங்கள் என்கிறார்," என்றேன்.

ஒரு கப்பல் பிரயாணம் அவர் உடம்புக்குத் தாங்காது என்று எனக்குத் தோன்றியது. மொழிபெயர்க்கிறவனுக்கு இதெல்லாம் யோசிக்கிற கடமை உண்டு.  துரை தம் துரைசாணியின் கையை எடுத்து முத்தம் கொடுத்துவிட்டு, "அவள் சொல்வது சரி," என்றார். "சம்மதம் என்கிறார்," என்று அம்மாளிடம் சொன்னேன். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டு வாங்கப் போனார்.

மறுநாள் காலை அவர் திரும்புவதற்குள் துரையை வெளியே அழைத்து வர வேண்டியிருந்தது. வாசலில் ஒரு காவல்காரன், அவனுக்கு மேலே ஒரு குமாஸ்தா, அவருக்கு மேலே ஒரு சின்ன டாக்டர். அதுவரை அவர்கள் யாரும் நான் இங்கிலீஷ் பேசிக் கேட்டதில்லை. என் வழக்கமான இங்கிலீஷில் கேட்டிருந்தால் அவர்களும் கைக்குட்டையை எடுத்திருப்பார்கள். ஆகையால் அன்று ஒருநாள் மட்டும் அந்தப் பிளேட்டுக்காரனைப் போலப் பேசினேன். எனக்குக் காது கூர்மை, பிளேட்டு போட்ட முதல் நாள் கேட்டது முழுவதும் அப்படியே நினைவிருந்தது. மூக்கால் பேசி, எழுத்துகளை ஒவ்வொன்றாக விழுங்கி, துரைசாணியின் உத்தரவு, வண்டி காத்திருக்கிறது என்றேன். காவல்காரன் சலாம் போட்டான். குமாஸ்தா எழுந்து நின்றார். சின்ன டாக்டர் தாமே கதவைத் திறந்துவிட்டு, நான் சீமையில் எந்தக் காலேஜில் படித்தேன் என்று கேட்டார். ஒரு தாளைக்கூடக் கேட்கவில்லை.

அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு எந்த ஆபீசிலும் எனக்கு வேலை கிடைத்திருக்கும் என்பது வண்டியில் ஏறிய பிறகுதான் தோன்றியது. ஆனால் அது நாகரிகமான பேச்சு இல்லை. மறுபடி பேச எனக்கு இஷ்டமும் இல்லை.

சங்கதி இவ்வளவுதான். திருட்டு இல்லை, அடிதடி இல்லை. கம்பெனி இன்னும் புது ஆளை அனுப்பவில்லை. காய்ச்சல் மலை என்றதும் எல்லோருக்கும் கீழே அவசர வேலை வந்துவிடுகிறது. தோட்டத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். துரையைக் காணோம் என்று நீங்கள் சொல்வது மலைக்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். தினமும் அவர்கள் பார்க்கிறார்கள். சாயங்காலம் நான் கையைப் பிடித்துக்கொண்டு மிளகுக்கொடி வரைக்கும் நடத்திக் கூட்டிப்போகிறேன். பார்வை இப்போது அநேகமாக இல்லை. ஆனால் பாடம் ஒன்றும் மறக்கவில்லை. மாராயி கேழ்வரகுக் கூழ் கரைத்துக் கொடுக்கிறாள், குடிக்கிறார். மகளைப் பற்றி எப்போதாவது கேட்பார். சௌக்கியம் என்று சொல்வேன்.

அந்தப் பக்கத்து அறைதான். நீங்கள் தாராளமாகப் போய்ப் பார்க்கலாம். கதவு சாத்தித்தான் இருக்கிறது, ஒரு நாளும் பூட்டியதில்லை. பூட்டி வைக்க நான் என்ன கொடுமைக்காரனா? துரைசாணி அனுப்பியிருக்கிறார், ஊருக்கு அழைத்துப் போக வந்திருக்கிறேன் என்று நீங்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே? நீங்கள் எவ்வளவு கத்தினாலும் அவருக்குக் கேட்காது அய்யா. என்னிடம் சொல்லுங்கள், நான் அவருக்கு எடுத்துச் சொல்கிறேன்.